பதினேழாம் நாள்

சாக்குத் தரம் பிரிப்பது என் வேலை.
வெயிலுக்கு நேரே விரித்துப் பிடித்தால்
எத்தனை வெள்ளி தெரிகிறதோ அத்தனை ஓட்டை.
மூன்று வரைக்கும் முதல் ரகம்,
ஏழு என்றால் தைத்து விற்கலாம்,
அதற்கு மேல் மாட்டுக்குப் போர்வை.

புதுவயலில் எந்த ரைஸ்மில்லிலும் கேளுங்கள்,
கொப்பாத்தாள் கட்டு என்றால் பிரித்து எண்ண மாட்டார்கள்.
பதினொரு வருஷம்.
இது எந்த மண்ணில் விளைகிறதென்று
ஒருநாளும் கேட்டதில்லை.
சாக்கு லாரியிலிருந்து வருகிறது,
அவ்வளவுதான்.

ரபியுல் மூட்டை தூக்க வந்தவன். முர்ஷிதாபாத்.
வந்த அன்றே, மழையில் நனைந்த கட்டில்
முகத்தைப் புதைத்து மோந்தான்.
எனக்குக் குமட்டியது.
"பாட்" என்றான்.
பாட்டா?
"பாட்டு இல்ல அக்கா. பாட். இந்தச் செடி."

இரண்டாள் உயரம் வளருமாம்.
அறுத்துக் கட்டிக் குளத்தில் அமுக்கி
மேலே வாழைத்தண்டும் சேறும் ஏற்றி
அழுக விடுவார்களாம்.
குளத்திலா?
குளத்தில்தான்.

எங்கள் ஊருணியில் கால் நனைத்தால் அபராதம்.
செருப்போடு படியிறங்கிய புது மாப்பிள்ளையை
மாலையும் கழுத்துமாக மேலே ஏற்றிய ஊர்.
அங்கே ஒரு குளத்தையே
நாற விட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார்கள்.

சித்திரையில் அவன் தங்கை
தபாலில் ஒரு பிடி விதை அனுப்பினாள்.
நெல் அவித்த தண்ணீர் வெளியேறும் வாய்க்காலோரம்
தூவிவிட்டான்.
ஆடியில் செடி மதிலைத் தாண்டிவிட்டது.
கஞ்சாவோ என்று பயந்து
சூப்பர்வைசர் காத்தப்பன் பாதியை வெட்டிப்போட்டார்.
அந்தக் கொழுந்தைப் பூண்டு போட்டு வதக்கித் தந்தான்,
வெண்டைக்காய்க்குத் தம்பி மாதிரி கொழகொழவென்று.

மிஞ்சியது நாற்பது தண்டு.
விரிசல் விட்ட ஊறல் தொட்டியில் போட்டு
இருபது கிலோ எடைக்கல் இரண்டை மேலே வைத்தான்.
தினமும் கையை விட்டு
ஒரு தண்டை மட்டும் திருகிப் பார்ப்பான்.
"இன்னும் இல்ல."
ஒரு நாள் முந்தினால் பட்டை விடாது,
ஒரு நாள் பிந்தினால் நாரே கூழ்.
காலண்டருக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும் என்றான்.

பதினேழாம் நாள்
தூத்துக்குடி லோடில் அவனை ஏற்றிவிட்டார்கள்.
சாயங்காலம் போன் வந்தது:
"அக்கா, கை விட்டுப் பாருங்க."

விட்டேன்.
வழுக்குது.
"எது மாதிரி?"
வெந்த பனங்கிழங்குத் தோல் மாதிரி.
அந்தப் பக்கம் லாரி இரைச்சல் மட்டும்.
"பனங்கிழங்கு எனக்குத் தெரியாது.
ஆனா எடுத்துருங்க."

முழங்கால் மட்டும் தொட்டிக்குள் நின்று
ஒவ்வொன்றாய் உரித்தேன்.
குச்சி வெள்ளையாய்த் தனியே வந்தது,
நார் என் கையோடு தங்கியது.
அன்றைக்குக் காரைக்குடி பஸ்ஸில்
என் பக்கத்து சீட்டுக்காரி
இரண்டு ஸ்டாப் முன்னாலேயே எழுந்து நின்றுகொண்டாள்.

காய்ந்ததும் வெயிலில் தூக்கிப் பிடித்தேன், பழக்கதோஷம்.
ஓட்டை எண்ண அதில் துணியே இல்லை,
நரைத்த கூந்தல்போல ஒரு கற்றை,
அதற்குள் காற்று.

ரபியுல் திரும்பி வந்து தொடையில் வைத்து முறுக்கினான்.
எட்டு முழம் தேறியது.
கோணி ஊசியில் கோத்து
நாலு மூட்டைக்கு வாய் தைத்தேன்.
அவை எந்த நாலு என்று
குறித்து வைக்கத் தோன்றவில்லை.
லாரி பாலக்காட்டுக்குப் போய்விட்டது.

என் விரலில் மட்டும்
நாலு நாளைக்கு அந்தக் குளம் இருந்தது.
சோறு பிசையும்போதெல்லாம்.