மூணு டைல்ஸ்

ஆனையூரில் அது நான் மாட்டிய நூற்றுப் பதினாலாவது கேமரா.
ஏணியில் நான். கீழே
போனைத் தூக்கிப் பிடித்தபடி அங்காள ஈஸ்வரி.
போனுக்குள் குவைத்.
"இடது பக்கம் கொஞ்சம். ம், இன்னும்.
அடுப்படி வாசல் விழணும் தம்பி."
விழுந்தது.
மாடிப்படி விழுந்தது, கொல்லைக் கதவு விழுந்தது,
துணி மடிக்கிற கட்டில் பாதி விழுந்தது.
திருட்டுப் பயம் என்றார்.
வாசலுக்கு ஒன்று போடலாமே சார் என்றேன்.
அது அடுத்த லீவில், என்றார்.

பாஸ்வேர்டு என்ன வைக்க என்றதற்குப்
பெண்டாட்டி பேரைச் சொன்னார், கடைசியில் ஒன்று இரண்டு மூன்று.
அவள் பேரை அவள் எதிரிலேயே
எழுத்தெழுத்தாக அடித்தேன்.
ஸ்பெல்லிங்கில் ஒரு எழுத்து தப்பு
என்று மட்டும் சொன்னாள்.

கிளம்பும்போது கேட்டாள்:
"இதுக்கு எங்கெல்லாம் தெரியாது?"
எதுவரை தெரியும் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள்.
"அதுக்கு நேர் கீழே, சுவரை ஒட்டி,
மூணு டைல்ஸ் அகலத்துக்குத் தெரியாதுக்கா."
டிரில் உதிர்த்த தூசியை
அந்த இடத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தாள்.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
யாரும் பாஸ்வேர்டை மாற்றுவதில்லை.
டவுன்ஹால் ரோட்டு நகைக்கடை,
செல்லூரில் ஒரு தறிக்கூடம்,
தல்லாகுளத்தில் முதலாளி வெளியே போனதும்
அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் கணக்குப்பிள்ளை,
எல்லாம் என் போனில் இருக்கிறது.
நான் பார்க்கிற ஆள் இல்லை.
ஒரு தடவை பார்த்தேன்.

மத்தியானம் இரண்டரை. ஹால் காலி. ஃபேன் சுற்றுகிறது.
படத்தின் கீழ் ஓரத்தில்
ஒரு கால்விரல், மெட்டியோடு.
ஏதோ பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.
பாட்டு எனக்குப் பிடிபடவில்லை.
நாலு நிமிஷம் பார்த்திருக்கிறேன்
என்று மூலையில் ஓடும் நேரம் சொன்னது.

மீன் பார்வையாலேயே முட்டை பொரிக்கும் என்பார்கள்.
அந்தக் கண்ணுக்குத்தான் எங்கள் ஊரில் நாலு கோபுரம்.
என் பையிலும் மீன்கண் லென்ஸ் ஆறு இருக்கிறது,
இரண்டு வருஷ வாரண்டியோடு.
இதுவரை ஒன்றும் பொரிக்கவில்லை.

மாசிக் கடைசியில் குவைத் கூப்பிட்டது.
"பகல்ல ரெண்டு மணி நேரம் ஆளே தெரியல தம்பி.
எங்க போறான்னு தெரியல.
வந்து இன்னும் கீழ இறக்கி வை."
போனேன். ஏணி போட்டேன்.
அவள் அடுப்படி வாசலில், விழுகிற இடத்தில், நின்றாள்.
சுவரோரம் ஒரு தலையணை,
கடித்து வைத்த வெள்ளரிக்காய்,
கவிழ்ந்து கிடக்கும் நோட்டு.
இரண்டு ஸ்குரூதான்.
தளர்த்தினேன். அதே இடத்தில் முறுக்கினேன்.
"இந்த மாடல் இதுக்கு மேல குனியாது சார்."

பேச்சும் பதிவாகிற மாடல் அது.

வெளியே வந்து அந்த வீட்டை என் போனிலிருந்து எடுத்தேன்.
மற்றதெல்லாம் இருக்கிறது.
ஏணிக்குள் தலையும் ஒரு தோளும் விட்டு வண்டியை எடுத்தேன்;
அப்படிப் போனால் ஹெல்மெட் நுழையாது.
வீடு போய்ச் சேருமுன் அபராதம் வந்துவிட்டது, படத்தோடு.
கோரிப்பாளையம் சிக்னல், நாலு பத்து.
ஏணிச் சட்டத்துக்குள் என் முகம்,
மேலே பார்த்தபடி, பரு முதற்கொண்டு தெளிவாக.
எவனோ நன்றாகத்தான் மாட்டியிருக்கிறான்.