அறுபது

விஜயமங்கலம் தாண்டி
மூன்றாவது மேம்பாலத்துக்கு முன்னால்
சாலைக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பலகை.
அதில் எரியும் எண் என் விரல்நுனியில்.
எண்ணுக்கு நான் பொறுப்பு.
வண்டிக்கு யார் பொறுப்பு என்று
வேலைக்குச் சேர்ந்த அன்று
ஒருவரும் சொல்லவில்லை.

நேற்று விடிகாலை நாலே கால்.
செங்கப்பள்ளிப் பக்கம் யாரோ
தென்னமட்டைக் குவியலுக்குத் தீ வைத்திருந்தார்கள்.
ஏழாம் நம்பர் கேமராவில்
புகை, எருமை படுத்த மாதிரி
நாலு தடத்தையும் அடைத்துக்கொண்டு.
நூறை அழித்து அறுபது போட்டேன்.

காரணம் எழுத வழியில்லை.
பலகைக்கு எண் மட்டும்தான் தெரியும்.
தமிழ் எழுத்துரு வரணும், கேட்டிருக்கோம் என்கிறார்
ரங்கம்மணி அக்கா,
ரெண்டு வருசமாக.

முதலில் பெங்களூர் ஆம்னி பஸ்.
எண்ணைப் பார்த்தது. பார்த்தது எனக்குத் தெரியும்.
பலகைக்கு நூறடி முன்னால் பின்விளக்கு சிவந்து
கடந்த மறுகணம் அணைந்தது.
ஓடும் வண்டியில் இருந்தபடி
கோயிலைக் கண்டவன்
கன்னத்தில் போட்டுக்கொள்வானே,
அந்த அளவு மரியாதை.

அப்புறம் ஒரு வெள்ளைக் கார்
அதையும் போடவில்லை.

அப்புறம் நாமக்கல் முட்டை லாரி.
நடுத்தடத்தில்,
அறுபதென்றால் அறுபது.
ஐம்பத்தொன்பதும் இல்லை, அறுபத்தொன்றும் இல்லை.

பின்னால் வந்தவன் பிரேக்கைத் தொட்டான்.
அவனுக்குப் பின்னால் வந்தவன் மிதித்தான்.
ஐந்தாவது ஆள் திட்டிக்கொண்டே மிதித்தான்.
முப்பதாவது வண்டி நின்றேவிட்டது.
விபத்தில்லை, குறுக்கே மாடில்லை, டயர் வெடிக்கவில்லை.
வண்டிகள் எல்லாம் கோவையைப் பார்த்து முகம் வைத்திருக்க
நிற்பது மட்டும் தனியே இறங்கி
பெருந்துறையைப் பார்த்து
பின்னோக்கி நடந்து போயிற்று.
திரையில் அதைப் பார்த்தேன்.
அதற்கு நம்பர் பிளேட் இல்லை.

நாலே முக்காலுக்குப் பாலக்காட்டுக் காற்று வந்து
புகையைச் சுருட்டிக்கொண்டு போனது.
சாலை துடைத்துவிட்ட மாதிரி.
அறுபது எரிந்துகொண்டே இருந்தது.
எண்ணை இறக்க எனக்கு அதிகாரம் உண்டு,
ஏற்ற மேலதிகாரி சொல்ல வேண்டும்.
மேலதிகாரியின் போனில் பக்திப்பாட்டு
முழுதாக ஐந்து தடவை ஓடியது.
நாற்பது நிமிடம்,
ஒன்றும் இல்லாததற்காக ஓர் அறுபது.
கடந்தவை முந்நூற்றிப் பன்னிரண்டு.
கேட்டவை பதினொன்று.
அந்தப் பதினொன்றுக்கும் நான் பொய் சொல்லியிருந்தேன்.

இன்று மத்தியானம் சம்பளச் சீட்டு வாங்க வந்தேன்.
கேரளாவில் இறக்கிவிட்டுக் காலி லாரியோடு திரும்பியவர்
சாவடி ஓரம் நிறுத்திவிட்டு மாடியேறி வந்தார்.
பொங்கியண்ணன் என்று பேர் சொன்னார்.
நெற்றியில் திருநீறு, கையில் டீ டம்ளர்.
"ஏனுங் அம்மணி, நேத்தக்கி அங்க
ஒண்ணையுமே காணமுங்களே.
எதுக்குங் அறுபது?"
"பொகைங்க."
"பொகையவும் காணமுங்களே."
"போயிருச்சுங்க."
டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தார்.
கோபம் வரும் என்று நினைத்தேன், சிரித்தார்.
"பொறத்தால வந்தவனுக அடிச்ச ஹாரன்ல
முட்டைக்குள்ளயே குஞ்சுக
காதப் பொத்தியிருக்குமுங்."
படி இறங்கப் போனவர் நின்றார்.
"நாளைக்கும் அறுபதுன்னா
அறுபதுலதான் போவனுங்.
ஆனா நெசமாலுமே பொகை இருக்கோணுமுங்."

இன்றிரவு பலகையில் நூறு.
வானம் புளிபோட்டு விளக்கிய சொம்பு.
நூற்றிப்பத்து, நூற்றி முப்பது,
ஒருவன் நூற்று நாற்பத்தாறு.
நான் ஏழாம் நம்பர் கேமராவைத்
தேவைக்கு மேல் பெரிதாக்கி வைத்துக்கொண்டு
தோப்பு ஓரம் யாராவது
தீப்பெட்டியோடு வருகிறார்களா என்று
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.