பீட்டர் என்பவன், பீட்டர் என்பவர்

கிரிம்ஸ்பியில் செவ்வாய்க்கிழமை மாலைகளில்
நூலகத்து மாடியில் ஆங்கில வகுப்பு.
மீன் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து
மூன்று முறை கழுவியும் கையில் வாடை போகாத
பதினோரு பேர்
பீட்டரைப் படிக்கிறார்கள்.

பீட்டருக்கு இரண்டு தங்கைகள்.
பீட்டர் தன் அண்ணனைவிட உயரம்.
பீட்டர் சாவியைத் தொலைத்துவிட்டான்.

பாடப்புத்தகத்தில் அவனுக்கு முகமில்லை,
வாடகை பாக்கி இல்லை,
மழையில் நனைந்தாலும் சளி பிடிக்காது.
எழுவாய் தேவைப்படும்போது வருவான்
முற்றுப்புள்ளி வைத்ததும் போய்விடுவான்.

வெளியே தாழ்வாரத்தில்
வாளியைக் காலால் தள்ளியபடி
தரை துடைப்பவர் பீட்டர் பிளாஞ்சர்ட்.
வயது அறுபத்து மூன்று.
ஒரு சாவியும் தொலைத்ததில்லை,
இடுப்பில் முப்பத்தொன்று தொங்குகின்றன.
அண்ணன் ஆலன்தான் உயரம், ஆறடி இரண்டங்குலம்,
இருந்தவரை.

அந்தப் பெயரை இங்கே எப்படியெல்லாமோ புழங்குகிறார்கள்.
பேருந்து வரவில்லையென்றால் பீட்டின் பேரைச் சொல்லிச் சலித்துக்கொள்வார்கள்.
பீட்டரிடம் பிடுங்கிப் பாலின் கடனை அடைப்பார்கள்.
ஒன்று மெல்ல மெல்ல வற்றி இல்லாமல் போனால்
அது பீட்டர் ஆகிப் போயிற்று என்பார்கள்.
துறைமுகத்துப் படகுகள் அப்படித்தான் போயின,
ஆலனின் வேலையும்.
என் மொழியிலோ பீட்டரை 'விடுவார்கள்',
அலட்டலாக ஆங்கிலம் பேசுகிறவனைக் கிண்டல் செய்ய.
அது இவருக்குத் தெரியாது.
இவர் பேசுவதே கொஞ்சம்.

இந்த வாரம் நிபந்தனை வாக்கியம்.
ஹேசல் டீச்சர் சொல்ல
பதினோரு குரல்கள், பதினோரு விதமான 'ர'கரத்தில்:
பீட்டர் சீக்கிரம் கிளம்பியிருந்தால்
ரயிலைப் பிடித்திருப்பான்.

துடைப்பம் நின்றது.

மறுபடி சொன்னார்கள்.
பீட்டர் சீக்கிரம் கிளம்பியிருந்தால்.
ஹேசலுக்கு 'இருந்தால்' போதவில்லை,
இன்னொரு தடவை என்றார்.

எட்டரைக்குக் கதவைத் தட்டி
பூட்ட நேரமாயிற்று என்றார் இவர்.
ராசா என்ற லிதுவேனியப் பெண்
புதிதாகக் கற்ற மரியாதையோடு பெயர் கேட்டாள்.
சொன்னதும் வகுப்பே சிரித்தது,
காணாமல் போன உறவினன் வாசலில் நிற்பதுபோல.
சிரிப்பு அடங்குமுன்
ருமேனியாக்காரன் டோரின், பின்வரிசையிலிருந்து,
ஆறு மாதத்தில் முதல்முறையாகப் பிழையில்லாமல் கேட்டான்:
ரயிலைப் பிடித்தீர்களா?

இல்லை, என்றார் பீட்டர்.
லிங்கன் ரயில். எண்பத்தேழு, நவம்பர்.
பிறகு, யாரும் கேட்காமலே:
அடுத்த ரயிலும் இருந்தது.
அதிலும் ஏறவில்லை.

எந்தப் பாடத்தில் வரும் இது என்று
ஹேசல் புத்தகத்தைப் புரட்டவில்லை.
கோட்டுகளை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

பலகையை அழிப்பதும் இவர் வேலைதான்.
நிபந்தனையை அழித்தார்.
கீழே ஓரமாக, வேறு கையெழுத்தில்,
ஓர் எழுத்து குறைவாக, ராசா எழுதியிருந்தாள்:
பீட்டர் தரையைத் துடைத்துக்கொண்டிருக்.

ஆங்கிலத்தில் அவள் விட்டது வேறோர் எழுத்து.
தமிழில் எனக்குத்தான் இங்கே கை நிற்கிறது.
'கிறான்' என்றால் புத்தகத்துக்குள் போய்விடுவார்.
'கிறார்' என்று முடிக்கிறேன்.

தரை ஏற்கெனவே சுத்தம்.
விளக்கை அணைக்கப் போனவர்
பலகையைப் பார்த்தார்,
வாளியில் துடைப்பத்தை நனைத்துப் பிழிந்து
ஜன்னல் பக்கத்திலிருந்து
மறுபடி ஆரம்பித்தார்.