வளராத கிழமை

வெள்ளிக்கிழமை. குத்பாவுக்கு முன்
பேப்பர் விரித்து நகம் வெட்ட உட்கார்ந்தால்
ஹம்தியின் பெருவிரல் நகம்
அடியிலிருந்து கழன்று
கொளுக்கி விட்ட ஜன்னல் மாதிரி ஆடுகிறது.

ரத்தமில்லை. நோகுதா என்றேன்.
"இல்ல உம்மா, கூசுது" என்று சிரித்தான்.

எனக்கு அல்மாரிக் கதவு நினைவுக்கு வந்தது.
புதன்கிழமை அதைப் படாரென்று அடித்தது யார்?
சஹ்மியா.
ஒன்பது வயது. ரிமோட்டுக்குத் தம்பியோடு சண்டை.
"விரல நசிச்சிப்போட்டு வாயப் பொத்திட்டு இரிந்திரிக்காய்!"
நான் இல்ல என்றவளை
இல்ல என்று சொல்லி முடிக்கவும் விடவில்லை.
அன்று பகல் அவள் கோப்பையில்
சோறு ஆறிக் கிடந்தது,
வீடு முழுக்க இறைச்சி வாசம்.

சனிக்கிழமை ஆள்காட்டி விரல்.
திங்கள், சொக்ஸைக் கழற்ற
கால் நகமொன்று அதோடு வந்தது.
"இன்னம் பதினேழு இரிக்கி" என்றான் ஹம்தி, பெருமையாக.

ஒரு கதவு எத்தனை விரலை நசிக்கும்?

கல்முனையில் டொக்டர்
நகத்தைப் பெரிதாகப் பார்க்கவில்லை. நாள் கேட்டார்.
பெருநாளுக்குப் பிறகு காய்ச்சல் ஏதும்?
வந்தது. வாய்க்குள் புண், உள்ளங்கையில் கொப்புளம்,
பாலர் பாடசாலையில் பாதிப் பிள்ளைகளுக்கு.
ஐந்து நாள் ஐஸ்பழத்தில் உயிர் வைத்திருந்தான்.
ஆறாம் நாள் முறுக்குக் கேட்டான்,
நாங்களும் அதோடு மறந்துபோனோம்.

"அந்தக் கிழமை நகம் வேலைக்கு வரல்ல, அவ்வளவுதான்.
புதுசு தள்ளுது, பழசு கழருது.
மருந்தில்ல. பிளாஸ்டர் ஒட்டுங்க, இழுக்காதீங்க."

இரண்டு மாதம் முந்திய கிழமையொன்று
விரலுக்குள்ளால் மெதுமெதுவாக நடந்து
என் பேப்பரில் வந்து விழுந்திருக்கிறது.

பஸ் சாய்ந்தமருதுக்கு வரும்வரை
அவளிடம் எப்படிச் சொல்வதென்று
வசனம் வசனமாக அடித்துத் திருத்தினேன்.
வீட்டில் வாயில் வந்தது இவ்வளவுதான்:
"உன்ட பிழையில்ல புள்ள."
கொப்பிக்குக் கோடு போட்டுக்கொண்டே
"எனக்குத் தெரியுமே" என்றாள்.

இன்று மறுபடி வெள்ளி.
ஹம்தியின் பெருவிரலில் புது நகம்
கீரிமீன் செதிள் அளவு,
மெல்லிசு, கொஞ்சம் கோணல்.
அடுத்ததாகக் கை நீட்டுகிறவள்
நகவெட்டியை என்னிடமிருந்து வாங்கி
ஜன்னலோரம் போய்
தானே வெட்டுகிறாள்,
வலக்கைக்கு இடக்கை, வழுக்கி வழுக்கி.

பேப்பரை நான் மடிக்கவில்லை.