மையால் ஒரு கோவணம்

சிகாகோ. ஹால்ஸ்டெட் தெருவில் மூன்றாம் மாடி.
எங்களுக்குக் கீழே பல் மருத்துவர்,
அவருக்கும் கீழே சவப்பெட்டிக் கடை.
எங்கள் கதவில் பெயர்ப்பலகை கிடையாது.

ஓரின் டீஸ்டேல் படம் பிடிப்பார்,
நான் திருத்துவேன்.
வாரத்துக்கு முப்பத்திரண்டு டாலர்,
பூதக்கண்ணாடி, மூன்று தூரிகை, ஒரு புட்டி மை.

பருக்களை எடுப்பேன்.
அம்மைத் தழும்பை எடுப்பேன்.
புஜத்தில் பச்சை குத்திய பெண்களின் பெயர்களை
அந்தப் பெண்களைக் கேட்காமலே எடுத்துவிடுவேன்.
எல்லாம் முடிந்தபின்
தபால் சட்டத்துக்குப் பயந்து
இடுப்பில் ஒரு கோவணம் வரைவேன்.
நாலு விரல் அகலம், இரண்டு மடிப்பு,
மடிப்புக்கு நிழல்.

தண்ணீரில் கரையும் மை அது.
ஈரப் பஞ்சால் ஒருமுறை ஒற்றினால் போதும்.
நெப்ராஸ்காவில் ஒரு மருந்துக் கடைக்காரர்
மாதம் தவறாமல் மணியார்டர் அனுப்புவார்.
தூண் இருக்கும் படங்கள் மட்டும் போதும் என்று
குறிப்பு எழுதுவார்.

தூண் அட்டைதான். மேலே சுண்ணாம்புப் பூச்சு.
சாயாதே சாயாதே என்று கத்துவார் ஓரின்.
சாய்வார்கள்.
ஒரே வாரத்தில் ரோமாபுரி இரண்டு முறை விழுந்தது.

கசிமிர் வ்ரூபெல் வந்தது பிப்ரவரியில்.
இறைச்சிக் கிடங்கில் அரை மாட்டைத்
தோளில் தூக்கி நடக்கிற வேலை.
சோப்பு போட்டுக் குளித்தும் போகாத ஒரு வாடை.
எண்ணெய் உறைந்துபோகும் குளிர்;
புட்டியை வெந்நீர்க் குழாய்மேல் வைத்து
இளக்கிக் கொடுத்தேன்.
முதுகில் கை எட்டாத இடத்தைக் காட்டி,
தடவுவீர்களா என்று கேட்கக் கூசி நின்றான்.
தடவினேன். கதவு தடவியதுபோல் இருந்தது.

சிலை மாதிரி நில், என்றார் ஓரின்.
சிலைக்கு இருமல் வராது சார், என்றான்.

வயிற்றை உள்ளிழுத்து, விலா விரிந்து,
கழுத்து நரம்பு தெரியாமல்
முகத்தில் அமைதியை ஒட்டவைத்துக்கொண்டு
இருபத்தைந்தில் ஒரு பங்கு நொடி.
அதற்காக ஆறு வருஷம்
நிலவறையில் சிமெண்டு ஊற்றிய டின்களைத் தூக்கியிருக்கிறான்.
விளக்கு அணைந்ததும்
தொப்பை மெல்ல, வீட்டுக்குத் திரும்புவதுபோல்,
தன் இடத்துக்கு வந்தது.

ஆம்புரோஸ் குவாரில்ஸின் முதுகுதான்
அந்த அறை பார்த்ததிலேயே நல்ல முதுகு.
என் தூரிகைக்கு அங்கே வேலையே இல்லை.
பத்திரிகை திருப்பி அனுப்பியது:
அருமையான முதுகு, ஆனால் எங்கள் வாசகர்கள்,
என்று எழுதி
வாக்கியத்தை முடிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.
அவன் கறுப்பன் என்று
மை செலவழித்து எழுத மனம் வரவில்லை.

கூலி ஐந்து டாலரும் மூன்று பிரதிகளும்.
கசிமிர் ஒரு பிரதியை என்னிடமே நீட்டினான்.
ஊரில் அம்மாவுக்கு அனுப்பணும்,
முகம் மட்டும்.
கழுத்தெலும்புக்கு மேலே வெட்டிக் கொடுத்தேன்.
மிச்சத்தை வேண்டாம் என்றான்.
மேசை இழுப்பறையில் போட்டேன்.

ஏப்ரலில் தபால் இலாகா ஆட்கள் மூவர்.
பெட்டிகளை இறக்கினார்கள், நெகடிவ்களை எண்ணினார்கள்.
மூத்தவர் நாற்காலியில் உட்கார்ந்து
விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு
ஒவ்வொரு படமாய்ப் புரட்டினார்.
நிதானமாக. மிக நிதானமாக.
எழுந்தபோது
அவருடைய கட்டைவிரல் கறுத்திருந்தது.
பார்த்தார். நானும் பார்த்தேன்.
கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு
என்னிடம் பெயர் கேட்டார்.

வழக்கு மன்றத்தில் எல்லாவற்றையும் கேட்டார்கள்,
அந்த விரலைப் பற்றித் தவிர.
ஓரினுக்குப் பதினோரு மாதம்.
எனக்கு அபராதம்; பிறகு வேறு வேலை,
கல்யாணப் படங்களில்
மணப்பெண்களின் கண்ணுக்குக் கீழே கருவளையம் எடுப்பது.

கசிமிரை ஒருமுறை டிராம் நிறுத்தத்தில் பார்த்தேன்.
அம்மா பதில் எழுதியிருக்கிறாளாம்:
முகம் ஒட்டிப்போய்க் கிடக்கிறதே,
அந்த ஊரில் உனக்கு யாரும்
சோறு போடுவதில்லையா?

சிரித்தான், இருமினான், மறுபடி சிரித்தான்.
கோட்டுத் தையல் தோளில் விட்டிருந்தது.

இழுப்பறையை அவர்கள் திறக்கவில்லை.
தலையில்லாமல் அவன் இன்னும் அங்கேதான்.
இடது முழங்கையில் மாட்டுக் கொக்கி கிழித்த தழும்பு,
எடுக்க மறந்ததா, மனமில்லையா,
இப்போது சொல்லத் தெரியவில்லை.