தண்ணியில்லாமல் ஓடும் சத்தம்

வெள்ளகோவில் மூலனூர் ரோட்டில்
மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் நான்.
ஆயிரத்து இருநூறு அடியில்
வெறுங்காற்றை இழுத்து ஓடியதை
மூடி கழற்றும் முன்பே மூக்கு சொல்லிவிடும்,
கருகிய வார்னிஷ்.
காது அதற்கும் முந்தி.

அதனால்தான் லெந்து நாலாம் ஞாயிறு
தியோடர் ஐயர் பிரசங்கத்தில்
எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.
பிழை ஒன்றுமில்லை. மூன்று தலைப்பு, ஒரு உவமை,
நேரத்துக்கு ஆமென்.
ஆனால் அந்தச் சத்தம்.

கமிட்டியில் எழுந்து கேட்டேன்:
"எல்லாருக்கும் ஐயரு எறைக்கறாருங்க,
அவருக்கு ஊத்து எங்கீங்க இருக்குது?"
பொருளாளர் நோட்டைப் புரட்டினார்.
பெட்ரோல் படி இருந்தது, வீட்டு வாடகை இருந்தது,
அறுப்புப் பண்டிகை ஏலத்தில்
ஒரு சேவலுக்குப் பணம் வர வேண்டியிருந்தது.
"சம்பளந்தான் குடுக்கறமுங்களே" என்றார்.
பேச்சு மைக் செட்டுக்குப் போய்விட்டது.

செவ்வாய் ராத்திரி அவரே வந்தார்,
டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு.
ஃபேனுக்கு ஒன்றுமில்லை. சுவிட்சில் தூசி.
அது இரண்டு பேருக்கும் தெரிந்தது.
ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

டிபனில் மிச்சமிருந்த அரிசிம்பருப்புச் சோற்றைத்
தட்டில் போட்டு நீட்டினேன்.
'ஜெபம் பண்ணுங்க' என்று வாய்வரை வந்ததை விழுங்கி
நானே பண்ணினேன், தடுமாறி.
'உம்முடைய அடியானை' என்பதற்கு
'இந்த ஆளை' என்று சொல்லிவிட்டேன்.

பிறகு வாசித்தேன்.
சூரைச்செடி நிழலில் சாகக் கேட்டுப் படுத்தவனுக்கு
நெருப்பில் சுட்ட அடையும் செம்புத் தண்ணியும்
வந்து சேர்ந்த இடம்.
நான் ஒன்பதாவது ஃபெயில்.
எழுத்துக் கூட்டித்தான் வரும்.
'பிரயாணம்' வந்ததும் இடறினேன்.
அவர் திருத்தவில்லை.
எத்தனை தரம் பிரசங்கித்திருப்பார் அதை!
செப்புக் கம்பிச் சுருள் மேல் கை வைத்தபடி
முதல்முறை கேட்பவர்போல இருந்தார்.

"இன்னொருக்கா வாசீங்க."

பாதியில் தூங்கிவிட்டார்,
சுவரில் சாய்ந்து, வாய் லேசாய்த் திறந்து.
நிறுத்தலாமா என்று பார்த்தேன்.
நிறுத்தவில்லை.

இப்போது செவ்வாய்தோறும் ஏதாவது ரிப்பேர்.
அயர்ன் பாக்ஸ், எமர்ஜென்ஸி லைட்,
ஒருமுறை வெறும் ஒயர்.
பில் போடுவதில்லை.

போன வாரம்
ஓய்வுநாள் பள்ளி சலோமி டீச்சர்
வீட்டுக்காரரோடு வந்து நின்றார்,
கையில் மிக்ஸி.
போட்டுப் பார்த்தேன், நல்லாத்தான் ஓடியது.
ஐயர் என்னைப் பார்த்தார்.
ரெண்டு ஸ்டூலை
இழுத்துப் போட்டேன்.