மூன்று புள்ளி ஒன்பது

செத்துப்போன லேப்டாப்பின் வயிற்றில்
ஆறு செல் இருந்தன.
நாலு பிணம். ஒன்று சந்தேகம்.
ஒன்று மட்டும்
மீட்டர் கம்பியை வைத்ததும்
மூன்று புள்ளி ஒன்று என்றது,
காய்ச்சல்காரன் பேர் கேட்டால் சொல்வதுபோல.

எர்ணாவூர் ஹவுசிங் போர்டு, நாலாவது மாடி.
அதற்கு மேல் மொட்டை மாடி,
ஒன்பது சின்டெக்ஸ்,
முப்பத்தாறு வீட்டுத் துணி.
அவற்றுக்கு நடுவே, உள்ளங்கை அகலத்தில்,
என் பேனல்.
உச்சி வெயிலில் ஆறு வோல்ட்,
அதுவும் மனசு வைத்தால்.

எதுக்கு இது என்றான் டில்லிபாபு.
தண்ணிக்கு என்றேன்.
கீழே தொட்டியில் தண்ணீர் எப்போது விழும் என்று
தொட்டிக்கே தெரியாது.
இரண்டரை, மூணேகால், ஒருநாள் விடிந்தபின்.
மிதவை ஏறினால் கம்பி தொடும்.
கம்பி தொட்டால்
நாலு மாடி ஒயர் ஏறிவந்து
என் தலைமாட்டில் பஸ்ஸர் கத்தும்.
கரண்ட்டில போட்டா என்ன என்றான்.
தண்ணீர் வரும்போது கரண்ட் போகிற தெருவில்
நின்றுகொண்டு கேட்டான்.

ஆறு வருஷம் அம்பத்தூரில்
அடுத்தவன் போர்டுக்கு ஈயம் வைத்தவள் நான்.
லைட்டு எரிகிறதா என்று பார்ப்பது
வேறு பெஞ்சு.
நான் வைத்த புள்ளிகள்
எந்த ஊரில் எதை எரியவைத்தன
என்று யாரும் வந்து சொன்னதில்லை.

பேனலுக்கு ராத்திரியில் பசிக்கும்.
பகலில் கொடுத்ததைத்
திரும்பக் குடிக்க வரும்.
அதற்குத்தான் நடுவில் ஒரு டயோடு,
வெள்ளைக் கோடு போட்ட கறுப்பு அரிசி.
போகலாம். வரக்கூடாது.

சார்ஜிங் போர்டில் சிவப்பு எரிந்தது.
நிறைந்தால் நீலம் ஆகும்.
முதல் நாள் மூன்று புள்ளி இரண்டு.
அடுத்த நாள் மூன்று புள்ளி இரண்டு.
அதற்கடுத்த நாளும்
சிவப்பு விக்கி விக்கி எரிந்தது.

பன்னிரண்டரைக்கு மேலே போய் உட்கார்ந்தேன்,
தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு.
அமலோற்பவ அக்காவின் பூப்போட்ட நைட்டி
காற்றில் காலாட்டியது.
அதன் நிழல்
பேனலின் ஒரே ஒரு கட்டத்தில்.
ஒரு கட்டம் இருண்டால் போதும்,
வெயிலில் இருக்கும் மற்றவையும்
வேலையை நிறுத்திவிடும்.
அம்பத்தூரில் எங்கள் லைனிலிருந்து
செல்வராணியை மட்டும் வெளியே அனுப்பிய அன்று
நாங்கள் ஈயம் வைத்துக்கொண்டுதான் இருந்தோம்.

பேனலை இரண்டடி தள்ளி வைத்தேன்.
நைட்டியைத் தள்ளச் சொல்லவும் செய்தேன்.
உன் கண்ணாடித் துண்டுக்கு
என் துணி ஏன்டி காயக்கூடாது
என்றாள் அக்கா.
பதில் இருந்தது. சொல்லவில்லை.

மூன்று புள்ளி மூன்று.

பிறகுதான் விரலால் தடவினேன்.
சாம்பல்.
வாடை அடிக்கும் மாதத்தில்
வடக்கிலிருந்து வருவது.
ஊருக்கெல்லாம் கரண்ட் சுடுகிற அடுப்பின்
புகைபோக்கி இங்கிருந்தே தெரியும்.
துடைத்தேன். சிவப்பு விக்கலை நிறுத்தியது.
மறுநாள் துடைத்தேன்.
பல் விளக்குவது, பேனல் துடைப்பது,
அப்புறம்தான் டீ.

மூன்று புள்ளி ஆறு.
மூன்று புள்ளி ஏழு, மேகம்.
மூன்று புள்ளி ஒன்பது.
நீலத்துக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை,
அன்றைக்கே ஒயரை மாட்டினேன்.

ராத்திரி இரண்டு ஐம்பதுக்குக் கத்தியது.
நாலு மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்தியது.
நான் செருப்பைத் தேடி
இருட்டில் படி இறங்குவதற்குள்
தரைத்தள டில்லிபாபு ஐந்தாவது குடத்தில்.
அவனுக்குப் பின்னால் வரிசை.
வரிசையில் அக்கா.
நான் பதினோராவது ஆள்.

காலையில் மேலே போனால்
பேனல் ஈரமாக இருந்தது.
யாரோ எனக்கு முன்னே துடைத்திருக்கிறார்கள்,
துணி சோப்புப் போட்டு.
நுரை காய்ந்து
வெள்ளையாகப் படிந்திருந்தது.
சாம்பலைவிட மோசம்.
மறுபடி முதலிலிருந்து,
நல்ல தண்ணீர் ஒரு சொம்பு எடுத்து.